எம். எம். மணியின் பேச்சும் மூணாற்றுப் பெண்களும்

2017 ஏப்ரல் 22 அன்று இடுக்கி மாவட்டத்தின் அடிமாலிக்கு அருகே, இருபதேக்கர் என்னும் இடத்தில், கேரளத்தின் அன்றைய மின்துறை அமைச்சர் எம். எம். மணி பேசினார். பேச்சின் சினம் முதலில் தேவிகுளம் சார் ஆட்சியர் ஸ்ரீராம் வெங்கிட்டராமன் மீதுதான் இருந்தது. இரண்டு நாள்களுக்கு முன்பு பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நடப்பட்டிருந்த பெரிய சிலுவை ஒன்றை வருவாய்த்துறையினர் இடித்து அகற்றியிருந்தனர். அங்கிருந்து பேச்சு ஊடகத்தாரின் மீது திரும்பிற்று. அதன்பின், யாரும் எதிர்பாராதவாறு, 2015ஆம் ஆண்டின் 'பெம்பிளை ஒருமை' போராட்டத்தின் மீது சென்று விழுந்தது. அந்த நாள்களில் அங்கே குடி நடந்தது என்றும், பக்கத்துக் காட்டில் வேறு செயல்கள் நடந்தன என்றும் கேட்டவர் உய்த்துணரும்படி அமைச்சர் சொன்னார்.

மறுநாளே மூணாறு நகரின் நடுவே பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அமைச்சர் மூணாற்றுக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. கோமதி உள்ளிட்டோர் உண்ணாநோன்பு தொடங்கினர். சில நாள்களில் காவல்துறை அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது. தாம் குறிப்பிட்டது ஊடகத்தாரையே, பெண்களை அன்று என்று மணி விளக்கமளித்தார், வருத்தமும் தெரிவித்தார். நேரில் வரவில்லை. அவருடைய கட்சியான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் அளித்த விளக்கத்தின் சாரம் வேறாக இருந்தது: மணி பேசுவது இடுக்கியின் நாட்டுவழக்கு, அதனை ஊடகங்கள் திரித்துவிட்டன.

இந்த 'நாட்டுவழக்கு' என்னும் சமாதானம் எளிதில் கடந்துபோகக்கூடியதன்று. மணியின் அரசியல் வாழ்வு முழுவதையும் அது தாங்கி நிற்கிறது. அதற்குமுன், இழிவுபடுத்தப்பட்டவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் மலையேற்றப்பட்டவர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் அவர்கள், பெரும்பான்மையோர் தலித்துகள். பிறந்ததும் வாழ்வதும் தோட்டத்து லயங்களில். வேலை ஓய்ந்தால் லயத்தையும் விட்டு வெளியேற வேண்டும் என்பதால், ஓய்வு என்பதே அவர்களுக்கு வீடிழத்தலின் மறுபெயர். கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்னும் நிறுவனம் 2005இல் உருவானபோது, தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் என்று பெருமையாகப் பேசப்பட்டது. அந்தப் பங்குதாரர்கள் 2015இல் வாங்கிய நாட்கூலி 232 ரூபாய்.

அவ்வாண்டு நிறுவனம் போனசை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. தொழிற்சங்கங்கள் முணுமுணுத்தன, பெண்கள் சாலைக்கு வந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கி ஒன்பது நாள்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாற்றின் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்திருந்தார்கள். கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் பாதை அது. ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. என எந்தச் சங்கத்தின் கொடியையும் அவர்கள் அருகே விடவில்லை. வேலை செய்பவர் தாங்கள், பயன் கொள்பவர் நீங்கள் என்னும் பொருள்பட அவர்கள் எழுப்பிய தமிழ் முழக்கங்கள் நிறுவனத்தை மட்டுமன்றிச் சங்கத் தலைவர்களையும் குறிவைத்தன. தேவிகுளம் தொகுதியின் மார்க்சிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் எஸ். இராசேந்திரன் வந்தபோது அவரை விரட்டினார்கள். அவரும் தமிழர்தான், தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்தான். ஆனால் முதிய வி. எஸ். அச்சுதானந்தன் வந்தபோது அவரைத் தங்களோடு உட்கார அனுமதித்தார்கள். செப்டம்பர் 13 அன்று 20 விழுக்காடு கிடைத்தது: 8.33 விழுக்காடு போனசாகவும், மீதி 11.67 விழுக்காடு கருணைத்தொகையாகவும். கூலி 500 ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கை அக்டோபரில் 301 ரூபாயில் நின்றது. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அதில் பெம்பிளை ஒருமை சில இடங்களை வென்றது. கோமதி தேவிகுளம் ஒன்றிய ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தியத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில், சங்கத்தின் தலைமையின்றி, ஆண்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் பெண்களே நடத்தி வென்ற இத்தகைய போராட்டங்கள் அரிதினும் அரிது. அதன் நினைவு இரண்டே ஆண்டுகளுக்குள், ஓர் இடதுசாரி அமைச்சரின் வாயில், 'குடியும் காடும்' என்று சுருங்கிப்போனது. கூலியுயர்வைத் தோற்கடிப்பதைவிட அந்தப் போராட்டத்தின் மானத்தைத் தோற்கடிப்பது மலிவானது. பெண்கள் இரவில் சாலையில் அமர்ந்தால் அவர்களுடைய ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குவது ஒரு பழைய உத்தி. அதற்கு ஆதாரம் எதுவும் தேவைப்படுவதில்லை.

இனி மணிக்கு வரலாம். முண்டக்கல் மாதவன் மணி 1944 டிசம்பரில் கோட்டயம் மாவட்டத்தின் கிடங்கூரில் பிறந்தவர். சமவெளியின் ஏழைக் குடும்பங்கள் மலையேறிய காலம் அது. போர்க்கால உணவுப் பஞ்சத்தில் காட்டைத் திருத்திப் பயிரிட அரசே மக்களை அழைத்தது. 1950களின் நடுவில் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு தேவிகுளம் பகுதியில் குடியேற்றத் திட்டங்களைத் தொடங்கியது. மொழிவாரி மாநிலப் பிரிவினை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தமிழர் பெரும்பான்மையான வட்டங்களில் மலையாளிகளைக் குடியேற்றிய அந்தத் திட்டத்தின் அரசியல் நோக்கம் இன்றும் விவாதிக்கப்படுகிறது. எப்படியாயினும், மணியின் குடும்பமும் அந்த ஏழைகளின் வரிசையில் மலைக்கு வந்த ஒன்று. அவருடைய பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தோட்டக் கூலியாக வேலை செய்தார். 1960களில் கட்சிக்குள் வந்தார். 1985இல் மாவட்டச் செயலாளரானார். ஏறத்தாழ 27 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். 'மணி ஆசான்' என்று ஊர் அழைத்தது. ஆசான் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள கனம் மலையாளத்திலும் உண்டு. ஆனால் அங்கே அதில் ஒரு மெல்லிய கிண்டலும் வாஞ்சையும் கலந்திருக்கும். மணிக்கு அந்தப் பட்டம் இரண்டு பொருளிலும் பொருந்தியது.

மலைநாட்டின் அரசியலில் 'வெளியேற்றம்' என்ற சொல்லைப்போல் உணர்ச்சியைக் கிளறும் சொல் வேறில்லை. 1961இல் இடுக்கி நீர்மின் திட்டத்திற்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேறிகள், குமுளிக்கு அருகே அமராவதியில் மழைக்காலத்தில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அவர்களுக்காக ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாநோன்பு இருந்தார். இடுக்கியில் கம்யூனிஸ்ட் கட்சியின் வேர்களுள் ஒன்று அந்த மழைக்குள் இருக்கிறது. ஆகவே வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் இடிப்பு வாகனத்தோடு மலையேறும்போது, அவரை ஏழைக் குடியேறியின் எதிரியாகக் காட்டுவது மணிக்கு எளிது. ஓரளவு உண்மையாகவும் இருந்திருக்கும். இடர் என்னவென்றால், 2000க்குப் பின் மூணாற்றைச் சுற்றி நிலத்தை வளைத்தவர்கள் அமராவதியில் நனைந்தவர்கள் அல்லர், விடுதி கட்டியவர்கள். இரண்டு தரப்பையும் ஒரே குடையின்கீழ் நிறுத்தியதுதான் இடுக்கி அரசியலின் சூட்சுமம். 2007இல் முதலமைச்சராக இருந்த அச்சுதானந்தன் மூணாற்றில் இடிப்பைத் தொடங்கியபோது, அதுவரை அவருடைய அணியில் இருந்த மணி விலகிப் பினராயி விஜயனின் பக்கம் சென்றார். பெம்பிளை ஒருமைப் பெண்கள் ஏன் அச்சுதானந்தனை மட்டும் உட்காரவிட்டார்கள் என்பதையும், மணிக்கு அந்தப் போராட்டத்தின் மீது ஏன் அவ்வளவு கசப்பு என்பதையும் இந்த முறிவோடு சேர்த்துப் படிக்கலாம்.

மலையாள நாட்டிற்கு வெளியே மணியின் பெயர் தெரியவந்தது 2012இல்தான். அவ்வாண்டு மே 4 அன்று, மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்து ஒஞ்சியத்தில் புரட்சிகர மார்க்சிஸ்ட் கட்சியைத் தொடங்கிய டி. பி. சந்திரசேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். உடலில் 51 வெட்டுகள். கேரளமே அதிர்ந்து நின்ற மூன்று வாரங்களுக்குள், மே 25 அன்று தொடுபுழைக்கு அருகே மணக்காட்டில் மணி பேசினார். கட்சிக்கு எதிரிகளைக் கொல்லத் தெரியும், முன்பும் செய்ததுண்டு என்ற பொருளில், 1980களில் 13 பேர் கொண்ட பட்டியல் ஒன்று போடப்பட்டதாகவும், ஒருவர் பின் ஒருவராக மூவர் சுட்டும் அடித்தும் குத்தியும் கொல்லப்பட்டதாகவும் எண்ணிக் காட்டினார். 'வன், டூ, த்ரீ' என்று ஆங்கிலத்தில் எண்ணியது மலையாளிகளின் நினைவில் அப்படியே நின்றுவிட்டது. சந்திரசேகரன் கொலையில் கட்சிக்குத் தொடர்பில்லை என்பதை நிறுவ எழுந்த பேச்சு அது என்பது இதில் விந்தை: நாங்கள் செய்தால் செய்தோம் என்று சொல்லியிருப்போம் என்பதே அதன் தருக்கம்.

காவல்துறை பழைய கோப்புகளைத் திறந்தது. 1982இல் கொல்லப்பட்ட காங்கிரஸ்காரரான அஞ்சேரி பேபியின் வழக்கில், முன்பு குற்றம் சாட்டப்பட்டவர்கள் எப்போதோ விடுதலையாகியிருந்தார்கள். இப்போது மணி சேர்க்கப்பட்டார். கட்சி அவரை மாவட்டச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கியது. 2012 நவம்பர் 21 அதிகாலையில் குஞ்சித்தண்ணி வீட்டில் கைது செய்யப்பட்டு, 46 நாள்கள் பீர்மேடு சிறையில் இருந்தார். பிணையில் வந்தபோது இடுக்கி மாவட்டத்திற்குள் நுழையக் கூடாது என்பது நிபந்தனை.

வழக்கமான அரசியலில் இது ஒரு வாழ்வின் முடிவாக இருந்திருக்கும். மணிக்கு அது தொடக்கமாயிற்று. 1996இல் உடும்பன்சோலையில் தோற்றவர், 2016இல் அதே தொகுதியில் 1,109 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். கைதான நாளுக்குச் சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 2016 நவம்பர் 22 அன்று அமைச்சராகப் பதவியேற்றார். ஐந்தாம் வகுப்பு படித்தவர் மின்துறையை நடத்துவாரா என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். அந்த ஏளனத்திற்குள் இருந்த சாதி, வர்க்க நாற்றத்தை மறைக்க முடியாது. ஏளனம் பொய்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 மே மாதம் கேரளம் எல்லா வீடுகளுக்கும் மின்னிணைப்புத் தந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது துறை அவரிடம் இருந்தது. 2018 ஆகஸ்டில் 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோதும் அவரே அமைச்சர். அணைகளைத் திறந்த காலமும் அளவும் குறித்து அன்று எழுந்த குற்றச்சாட்டுகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. 2021இல் உடும்பன்சோலை அவருக்கு அளித்த வேறுபாடு 38,305 வாக்குகள். எதிர்த்து நின்ற இ. எம். அகஸ்தி, 1996இல் அவரைத் தோற்கடித்த அதே அகஸ்தி, இருபதாயிரம் வாக்குகளுக்கு மேல் தோற்றால் மொட்டையடிப்பேன் என்று சூளுரைத்திருந்தார், சொன்னபடி மொட்டையடித்துக்கொண்டார்.

இந்த 1,109க்கும் 38,305க்கும் இடையேதான் மூணாற்றுப் பெண்களைக் குறித்த பேச்சு இருக்கிறது. அது அவரைத் தோற்கடிக்கவில்லை. அவருடைய பேச்சை மக்கள் மன்னித்தார்கள் என்று சொல்வது போதாது. அந்தப் பேச்சுக்காகவே ஒரு சாரார் அவரை விரும்பினார்கள். சட்டமன்றத்தில் எழுதிப் படிக்காத, அதிகாரியிடம் நெளியாத, நெஞ்சில் உள்ளதை நாவில் வைத்திருக்கும் மலைமனிதன் என்னும் பிம்பம் அது.

'நாட்டுவழக்கு' என்னும் வாதத்தின் பலமும் பழுதும் இங்கேதான். பேச்சு வழக்கின் கரடுமுரடு குற்றமன்று. படித்தவர்களின் நளினமான சொற்களில் எத்தனையோ கொடுமைகள் சட்டமாகியிருக்கின்றன. ஆனால் இருபதேக்கரில் பேசப்பட்டதில் கரடுமுரடான சொல் எதுவும் பெரிதாக இல்லை. அதில் இருந்தது ஒரு குற்றச்சாட்டு. அதைச் செம்மொழியில் மொழிபெயர்த்தாலும் அதே குற்றச்சாட்டாகத்தான் இருக்கும். மேலும், அந்த நாடு யாருடையது? கொழுந்துக்கூடையோடு மலைச்சரிவில் நான்கு தலைமுறை நின்ற பெண்களும் அந்த நாட்டினர்தாமே? அவர்களுடைய வழக்கும் கரடுமுரடானதுதான். 2015இல் அவர்கள் சங்கத் தலைவர்களை நோக்கி எறிந்த சொற்களை எந்த முதலமைச்சரும் எழுந்து நின்று நாட்டுவழக்கு என்று காக்கவில்லை. தமிழ்த் தீவிரவாதிகளின் தூண்டுதல் என்றே அன்று அங்கு சிலர் பேசினார்கள்.

பேச்சு நீதிமன்றத்திற்கும் சென்றது. மூணாற்றுப் பெண்களைக் குறித்தும், அதற்குமுன் ஒரு பாலிடெக்னிக்கின் பெண் முதல்வரைக் குறித்தும் மணி பேசியவற்றைச் சுட்டி, அமைச்சர்களுக்கு நடத்தை விதி வகுக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. இது அறநெறி சார்ந்தது, முதலமைச்சர் விதி வகுப்பதா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க இயலாது என்று 2017 மே மாதத்தில் தள்ளுபடியாயிற்று. உச்ச நீதிமன்றத்தில் அது, புலந்த்சகர் வன்கொடுமையைக் குறித்து உத்தரப் பிரதேச அமைச்சர் ஒருவர் பேசியதற்கு எதிரான கௌசல் கிஷோர் வழக்கோடு சேர்க்கப்பட்டு, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வை அடைந்தது.

2023 சனவரி 3 அன்று தீர்ப்பு வந்தது. நால்வரின் சார்பில் எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி வி. இராமசுப்பிரமணியன். சொல்லால் விளையும் வடுவைப் பற்றிய வள்ளுவரின் கருத்தை எடுத்தாண்டே அவர் தொடங்குகிறார். முடிவோ சட்டத்தின் வரம்புக்குள் நின்றது. பேச்சுரிமைக்கு அரசியல் சாசனத்தின் 19(2) உறுப்பில் உள்ள கட்டுப்பாடுகளுக்கு மேல் புதியன சேர்க்க இயலாது. அமைச்சரின் கூற்றைக் கூட்டுப்பொறுப்பு என்னும் கோட்பாட்டால் அரசின் மீது ஏற்றவும் இயலாது. வெறும் கூற்று மட்டுமே அரசு இழப்பீடு தர வேண்டிய தீங்காகாது, அதன் விளைவாக அதிகாரிகள் ஏதேனும் செய்தோ செய்யாமல் விட்டோ தீங்கு நேர்ந்தால்தான் வழக்காகும். நீதிபதி பி. வி. நாகரத்னா ஒரு பகுதியில் மாறுபட்டார். அமைச்சர் தம் பதவியின் நிலையிலிருந்து, அரசின் அலுவல் பற்றிப் பேசுவது அரசின் நிலைப்பாட்டையும் காட்டுவதாயின், அரசு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் கருத்து.

பெரும்பான்மைத் தீர்ப்பைக் குறைகூறுவது எளிது. அமைச்சர்களின் நாவைக் கட்ட நீதிமன்றம் ஒரு கயிறு திரித்திருந்தால், அது முதலில் யார் கழுத்தில் விழும் என்பதை அண்மைக்கால இந்தியாவைப் பார்த்தவர்கள் அறிவார்கள்; சாலையில் அமர்ந்து தலைவர்களைத் திட்டிய கொழுந்துப் பெண்கள் அதிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். அந்த வகையில் தீர்ப்பு சரி. ஆனால் கூற்றையும் செயலையும் பிரித்து வைத்த அந்தக் கோடு மூணாற்றில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. லயத்தில் வாழும் பெண்ணுக்கு, அமைச்சரின் சொல் மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மேற்பார்வையாளரின் சிரிப்பாகவும், மாலையில் வீட்டில் கணவனின் கேள்வியாகவும் வந்து சேர்கிறது. அந்தத் தீங்கை எந்த மனுவிலும் எழுத முடியாது.

அஞ்சேரி பேபி வழக்கில் 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் மணியை விடுவித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தக் கொலைக்கு, மேடையில் விரல்விட்டு எண்ணப்பட்ட பிறகும், சட்டத்தின் கண்ணில் குற்றவாளி யாருமில்லை.

அதே ஆண்டு சூலை 14 அன்று சட்டமன்றத்தில் சந்திரசேகரனின் மனைவி கே. கே. ரமா முதலமைச்சருக்கு எதிராகப் பேசினார். 2021இல் வடகரையில் வென்று அவைக்கு வந்தவர் அவர். பதிலளித்த மணி, அவர் விதவையானது அவருடைய விதி, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார். எதிர்க்கட்சிகள் அவையை முடக்கின. முதலில் மணி பின்வாங்கவில்லை. அவைத்தலைவர் எம். பி. இராஜேஷ் அந்தக் கூற்றில் ஏற்கத்தகாத கருத்து இருப்பதாகத் தீர்ப்புரைத்த பின், சூலை 20 அன்று எழுந்து, அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அப்போது அவர் சொன்ன காரணம் குறிப்பில் உள்ளது: ஒரு கம்யூனிஸ்ட் 'விதி' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.